நகராட்சி மருத்துவமனைக்குக் கடன் பத்திரம்: மன்றத்தில் ஆதரித்துக் கை தூக்கலாமா?

கேள்வி: கிழக்கு வார்டு உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஒரு சிறு நகராட்சியில் நான் முதன்முறையாக வார்டு உறுப்பினராகியிருக்கிறேன். இன்னும் எதுவும் முடிவாகாத நிலையில் ஊரின் பெயரை இங்கே எழுதுவது முறையாக இருக்காது என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

எங்கள் நகராட்சியின் பொறுப்பில் உள்ள அரசு மருத்துவமனைக்கு மூன்று தளங்கள் கொண்ட புதிய கட்டடம், இரண்டு அறுவை அரங்குகள், பிரசவப் பகுதி, பத்து இயந்திரங்களுடன் ஒரு டயாலிசிஸ் பிரிவு ஆகியவற்றை அமைக்க ஏறக்குறைய 20 கோடி ரூபாய் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் வரும் திட்ட நிதியில் இதைக் கட்டினால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இழுக்கும் என்பதால், பொதுமக்களும் வங்கிகளும் வாங்கக்கூடிய கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த மன்றக் கூட்டத்தில், நகராட்சி இந்தப் பத்திரங்களுக்குத் தன் வருவாயைப் பிணையாக வைத்து ஆதரவு தருகிறது என்ற தீர்மானம் வைக்கப்பட இருக்கிறது.

மருத்துவமனை மேம்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பத்தரை மணிக்கு மேல், என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அருகில் இருந்த மருத்துவமனையில் இருந்த ஒரே மருத்துவர் கனிவாகப் பார்த்தார். ஆனால் எக்ஸ்ரே எடுப்பவர் பகலில் மட்டுமே வருவார் என்று சொல்லி, ரெஃபர் சீட்டை எழுதிக் கொடுத்தார். வாளையார் வழியாகக் கோவைக்குப் போகும்வரை மாமியார் என் கையைப் பற்றிய பிடியைத் தளர்த்தவே இல்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது என்று தெரிந்தபோது மணி ஒன்றரை. 2020இல் வாளையாரில் தடுப்பு வைத்து, பாஸ் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிய நாட்களில் இது நடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். எல்லைக்கு அப்பால் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன என்ற தைரியத்தில் வாழ்கிறவர்கள் நாங்கள். அந்த எல்லை ஒரே இரவில் மூடப்படும் என்பதையும் நாங்களே கண்ணால் பார்த்திருக்கிறோம்.

என் குழப்பம் பணத்தைப் பற்றியது. நோயாளியிடமிருந்து பெரிதாக எதையும் வசூலிக்காத ஒரு மருத்துவமனையைக் காட்டிக் கடன் வாங்கினால், அதை யார் திருப்பிக் கட்டுவது? எங்கள் மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், பத்திரத்தின் ஆயுளோ பத்து ஆண்டுகள். நான் இன்று தூக்கும் கைக்கு, எனக்குப் பின்னால் வருபவர் கட்டுப்பட்டுவிடுவார் அல்லவா? நகராட்சிக் கணக்கும் மருத்துவமனை நடைமுறையும் அறிந்தவர்கள் வழி காட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. நீங்கள் கேட்டிருக்கும் "யார் கட்டுவது" என்ற கேள்வியைத் தீர்மானத்தின் முதல் வரியாகவே எழுத வேண்டும். ஏனென்றால் பத்திரம் என்பது வருமானம் அல்ல. வரப்போகும் வருமானத்தை முன்கூட்டியே எடுத்துச் செலவழிப்பது.

நம் நாட்டில் இது புதிய வழியும் அல்ல. 1997இல் பெங்களூரு மாநகராட்சி 125 கோடி ரூபாய்க்கு மாநில அரசின் உத்தரவாதத்துடன் பத்திரம் வெளியிட்டது. மறு ஆண்டே அகமதாபாத் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல், தன் வருவாயை மட்டும் நம்பி 100 கோடி ரூபாய் திரட்டியது. நகர எல்லையில் வசூலான ஆக்ட்ராய் வரியில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து பத்திரக்காரர்களுக்குக் கொடுத்த பிறகே மிச்சத்தை மற்ற செலவுக்கு எடுப்போம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மதுரை மாநகராட்சி 2001இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய் பத்திரம் போட்டபோது அந்தச் சாலையின் சுங்க வசூலைக் காட்டியது. 2017இல் புனே 200 கோடி ரூபாய் திரட்டியது குடிநீர்த் திட்டத்துக்காக. கடைசி இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சாலை சுங்கம் தரும், குடிநீர் இணைப்பு மாதக் கட்டணம் தரும். அரசு மருத்துவமனை அப்படி எதையும் தராது, தரவும் கூடாது.

ஆகவே உங்கள் நகராட்சி பிணை வைப்பது மருத்துவமனையை அல்ல, ஊரின் வரியை. வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், கடை வாடகை ஆகிய இவைதான் அந்தத் தனிக் கணக்குக்குப் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கோடி ரூபாயை 8 சதவீத வட்டியில், பத்து ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒரே அளவான தவணையாகத் திருப்பிக் கட்டுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுத் தவணை ஏறக்குறைய 2 கோடியே 98 லட்சம் ரூபாய் வரும். மாதத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம். பத்தாண்டு முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 30 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஊரில் பத்தாயிரம் வீடுகள் இருப்பதாகக் கொண்டால், வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய் இந்தக் கடனுக்கு மட்டும் ஒதுங்கும். உங்கள் நகராட்சியின் உண்மையான வீட்டு எண்ணிக்கையையும், கடந்த மூன்று ஆண்டுகளில் கைக்கு வந்து சேர்ந்த வரியையும் வைத்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கேட்புப் பதிவேட்டில், அதாவது வர வேண்டியது என்று, எழுதப்பட்ட வரியை எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்புக்கும் வசூலுக்கும் இடையில் எத்தனை நகராட்சிகள் விழுந்திருக்கின்றன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பிணையாக வைக்கும் வருவாய் பத்து ஆண்டுகளும் இருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். குஜராத்தில் 2007இல் ஆக்ட்ராய் ஒழிக்கப்பட்டது. நம் பக்கத்திலேயே வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாக நின்ற வணிகவரிச் சோதனைச் சாவடிகளை நினைத்துப் பாருங்கள். லாரிகள் மைல் கணக்கில் நின்ற அந்த இடங்களில் 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. வரி என்பது மேலே யாரோ எடுக்கும் ஒரு முடிவில் மறைந்துவிடக்கூடியது. அதனால் ஒரே வருவாயைப் பிணை வைக்காமல், இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பதுதான் அறிவுடைமை.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். கேரளத்தில் உள்ளாட்சிகள் கடன் வாங்குவதற்கென்று 1963ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் மன்றத் தீர்மானம் மட்டும் போதாது. பத்திரத்தைப் பொதுமக்களுக்கு விற்பதென்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் 2015ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். நகராட்சி கடந்த 365 நாட்களில் எந்த வங்கிக் கடனையும் தவணை தவறியிருக்கக் கூடாது, கணக்குகள் தணிக்கை முடிந்திருக்க வேண்டும், தர மதிப்பீட்டு நிறுவனம் முதலீட்டுக்கு உகந்தது என்று மதிப்பெண் தர வேண்டும், திட்டத்துக்கெனத் தனிக் கணக்கு இருக்க வேண்டும். மதிப்பீடு, பத்திரக்காரர்களின் நலனைக் காக்கும் டிரஸ்டி, பங்குச் சந்தையில் பட்டியலிடும் கட்டணம் என்று செலவுகள் வரிசையாக வரும். 200 கோடிக்கு இவை பெரிதாகத் தெரியாது. 20 கோடிக்கு நன்றாகவே உறைக்கும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் 2002-03இல் நடந்ததை உங்கள் மன்றம் படித்துப் பார்ப்பது நல்லது. தனித்தனியே சந்தைக்குப் போக முடியாத பத்துக்கும் மேற்பட்ட சிறு நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்து, மாநில அளவிலான ஒரு கூட்டு நிதியத்தின் வழியாக, குடிநீர் மற்றும் துப்புரவுப் பணிகளுக்காகச் சுமார் 30 கோடி ரூபாய் திரட்டின. ஒரு நகராட்சி தவணை தவறினால், மாநில அரசு அதற்குத் தர வேண்டிய பங்குத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமை உத்தரவாதம் கொடுத்தது. உங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் நகராட்சிக்குள் வசிப்பவர்கள், எத்தனை பேர் சுற்றிலும் உள்ள பஞ்சாயத்துக்காரர்கள் என்று ஓ.பி., அதாவது வெளிநோயாளிகள், பதிவேட்டிலிருந்து ஒரு மாதக் கணக்கு எடுங்கள். பாதிப் பேர் வெளியிலிருந்து வருகிறார்கள் என்றால், அந்தப் பஞ்சாயத்துகளும் பிளாக் பஞ்சாயத்தும் தவணையில் பங்கெடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

ஆதரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் நிற்கும் கட்டடத்துக்கு இன்றைய தலைமுறை மட்டுமே முழுப் பணத்தையும் கொடுப்பதைவிட, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களும் பகிர்ந்துகொள்வது நியாயமே. அடுத்த மன்றம் கட்டுப்படுமே என்று கேட்டீர்கள். ஆம், கட்டுப்படும். அதே மன்றம் அந்தக் கட்டடத்தையும் பெறும்.

பதில்: முப்பத்தொரு ஆண்டு செவிலியர்

அம்மா, உங்கள் மாமியாரின் கதையைப் படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்று இரவு அங்கே எக்ஸ்ரே இயந்திரம் இருந்தது, இயக்க ஆள்தான் இல்லை. இந்த ஒரு வரியை உங்கள் மன்றத்தார் அனைவரும் மனத்தில் வாங்க வேண்டும். கடன் பத்திரம் இயந்திரத்தை வாங்கித் தரும், ஆளைத் தராது.

கேரளத்தில் 1990களின் நடுவில் மருத்துவமனைகளை உள்ளாட்சிகளின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். கட்டடம், பராமரிப்பு, மருந்துக்கான கூடுதல் நிதி ஆகியவற்றை உள்ளாட்சி பார்க்கிறது. ஆனால் மருத்துவரும் செவிலியரும் லேப் டெக்னீஷியனும் சுகாதாரத் துறையின் ஊழியர்கள். ஒரு புதிய தஸ்திக, அதாவது பணியிடம், வேண்டுமென்றால் கோப்பு திருவனந்தபுரம் போய், நிதித் துறையின் மேசையைக் கடந்து வர வேண்டும். நான் வேலை பார்த்த மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், புதிதாகக் கட்டிய இரண்டாம் தளம் திறப்பு விழாவுக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு பூட்டியே கிடந்தது. கட்டில்களின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படவில்லை. கீழே பிரசவ வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார்கள் தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தார்கள். மாடி ஏறினால் நாற்பது கட்டில்கள் காலி. ஆறு செவிலியர் பணியிடங்கள் கேட்டு அனுப்பிய கோப்பு வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அந்த வார்டின் சாவி எங்கள் அலமாரியில் தொங்கும். இரவுப் பணியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆகவே, முதலில் பணியிட ஆணை, பிறகு பத்திரம் என்ற வரிசையைத் தீர்மானத்தில் எழுதுங்கள். வட்டி ஓடத் தொடங்கிய பிறகு பூட்டிய வார்டுக்கும் நீங்கள்தான் தவணை கட்டுவீர்கள். சில பஞ்சாயத்துகள் மாலை நேர ஓ.பி. நடத்தத் தங்கள் சொந்த நிதியில் மருத்துவரை ஒப்பந்தத்தில் நியமிக்கின்றன. அது நல்ல காரியம், நானும் அப்படிப்பட்டவர்களுடன் பணியாற்றியிருக்கிறேன். ஆனால் மாதம் 25 லட்சம் தவணை கட்டுகிற நகராட்சிக்கு அதற்கும் கையில் மிச்சம் இருக்குமா என்பதைத் தணிக்கையாளர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

டயாலிசிஸ் பிரிவைப் பற்றி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். ஒருவருக்கு ஒரு முறை செய்ய நான்கு மணி நேரம். ஒரு இயந்திரத்தில் நாளுக்கு மூன்று பேர் என்றால், பத்து இயந்திரங்களில் முப்பது பேர். வாரத்தில் ஆறு நாள் ஓடினால் 180 முறை. ஒரு நோயாளிக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை தேவைப்படுவதால், 60 முதல் 90 குடும்பங்கள் இந்த ஒரு பிரிவை நம்பி வாழ முடியும். இன்று அவர்கள் வாரம் மூன்று நாள் பேருந்தில் பாலக்காட்டுக்கோ கோவைக்கோ போய், முடிந்ததும் தலை சுற்றலுடன் அதே பேருந்தில் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அங்கத்துக் குடும்ப அட்டைக்காரர்களுக்கானது என்பதால், எல்லை தாண்டியவுடன் நம்மவர்கள் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் பிரிவு வரத்தான் வேண்டும்.

ஆனால் தண்ணீரைப் பாருங்கள். ஒரு முறை டயாலிசிஸ் செய்ய இயந்திரத்துக்கு மட்டும் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். முப்பது முறைக்கு 3600 லிட்டர். ஆர்.ஓ. நிலையம் உள்ளே வாங்கும் தண்ணீரில் பாதிதான் சுத்தமாக வெளிவரும் என்று கொண்டால், நாளுக்கு ஏழாயிரம் லிட்டருக்கு மேல் போர்வெல் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டும். நம் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம்; ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வயல் செய்கிறவர்கள் நாம். மேட்டில் போர் போட்டால் கிடைக்கும் தண்ணீரில் உப்பு அதிகம், ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதை மாற்றும் செலவு ஆண்டுதோறும் வரும். அந்த 20 கோடி எஸ்டிமேட்டில் தண்ணீருக்கென்று என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் பொறியாளரிடம் கேட்டீர்களா?

பதில்: மீனாட்சிபுரம் வாசி

நான் ஒரு மாற்றுக் கருத்தைப் பணிவுடன் வைக்கிறேன். அரசு மருத்துவமனையைக் கட்டுவது மாநில அரசின் கடமை. அதற்காகத்தானே கட்டுமானப் பணிகளுக்கு நிதி தர கிஃப்பி என்ற கேரள அரசின் நிறுவனமே இருக்கிறது? பெட்ரோல் மீதான செஸ்ஸும் மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும் அங்கே போகின்றன. எல்லையோரத்தில் பெட்ரோல் போடும் நாமும் அதைச் செலுத்துகிறோம். பல தாலுகா மருத்துவமனைகளுக்கு அந்த நிதியில் கட்டடம் எழும்பியிருக்கும்போது, நம் பக்கத்து ஊர் மட்டும் ஏன் தன் வீட்டு வரியை அடகு வைக்க வேண்டும்? தமிழ் பேசும் ஓரத்து ஊர் என்பதால் வரிசையில் கடைசியில் நிற்கிறோம் என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. நகராட்சி தானே கடன் வாங்கிக் கட்டிக்கொண்டால், இனி எல்லாவற்றுக்கும் அதையே செய்யுங்கள் என்றுதான் மேலே இருப்பவர்கள் சொல்வார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

மீனாட்சிபுரம் நண்பரின் மனக்குறையில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். மாநிலத்திடம் கேட்பதை நிறுத்தக் கூடாது என்பதிலும் அவருடன் ஒத்துப்போகிறேன். ஆயினும் கிஃப்பியின் பணமும் கடன்தான். 2019இல் அது லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு 2150 கோடி ரூபாய்க்கு மசாலா பத்திரம், அதாவது வெளிநாட்டில் விற்கும் ரூபாய்க் கடன் பத்திரம், வெளியிட்டது, வட்டி 9.723 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 209 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் அசல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கிஃப்பி வாங்கும் கடனை மாநிலத்தின் கடன் வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிடுவது என்று ஒன்றிய அரசு எடுத்த நிலைப்பாட்டால் மாநிலத்தின் கை இறுகியது. 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த நிலையில் எங்கள் ஊர்க் கட்டடம் எப்போது என்று கேட்டால் யாராலும் தேதி சொல்ல இயலாது. கேட்டுக்கொண்டே இருப்போம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

செவிலியர் அம்மா கேட்டதற்கு: தவணையும் ஒப்பந்த ஊதியமும் ஒரே சட்டைப்பையிலிருந்துதான் வரும். இரண்டையும் சேர்த்துப் பத்து ஆண்டுக்கான பண வரவு செலவுப் பட்டியலை மன்றம் பார்க்காமல் தீர்மானம் போடவே கூடாது. மார்ச் மாதத்தில் டிரஷரியில் பில்கள் நகராமல் நிற்கும் நாட்களையும் அந்தப் பட்டியலில் கணக்கில் எடுக்க வேண்டும். கேரள அரசின் காருண்யா மருத்துவக் காப்பீட்டில் மருத்துவமனைக்கு வர வேண்டிய தொகையை வருவாயாகக் காட்டி யாராவது கணக்கை அழகாக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மருந்துக்கும் உபகரணத்துக்கும் உரிய பணம், அதுவும் எப்போது வரும் என்ற உறுதி இல்லாதது.

பதில்: கடல் கடந்த கொழிஞ்சாம்பாறைக்காரர்

நான் பிறந்தது அந்த மண்ணில். இப்போது இருப்பது சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில். இங்கு நடந்த ஒன்று உங்கள் விவாதத்துக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நில நடுக்கத்தைத் தாங்காத மருத்துவமனைக் கட்டடங்களை மாற்றியே ஆக வேண்டும் என்று கலிபோர்னியாவில் 1994ஆம் ஆண்டின் நில நடுக்கத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. ஏழைகளும் விபத்தில் அடிபட்டவர்களும் போகும் நகரப் பொது மருத்துவமனையைப் புதிதாகக் கட்ட, 2008 நவம்பரில் 88 கோடியே 74 லட்சம் டாலருக்கான கடன் பத்திரத்தை நகராட்சி மக்களின் வாக்கெடுப்புக்கு விட்டது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கிடைத்தது அதைவிட மிக அதிகம். அந்தக் கடன் சொத்து வரியின் வழியாகவே திருப்பிக் கட்டப்படுகிறது. புதிய கட்டடம் 2016இல் திறக்கப்பட்டது.

இதில் உங்களுக்குப் பயன்படும் என்று எனக்குத் தோன்றுவது இரண்டு. வரி கட்டப் போகிறவர்களிடம் நேராகவே கேட்டார்கள். ஆண்டுக்கு எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்கள். நம் ஊரில் அத்தகைய வாக்கெடுப்பு முறை இல்லாவிட்டாலும் வார்டு மக்கள் கூடும் வார்டு சபை இருக்கிறதே, அங்கே இதை வைக்கலாம். மற்றொன்று, அந்தப் பெரும் தொகையும் கட்டடத்துக்குத்தான். உள்ளே வைக்கும் கருவிகளுக்கும் தளவாடங்களுக்கும் தனியே நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. 2015இல் ஒரு தம்பதியர் ஏழரைக் கோடி டாலர் கொடுத்த பிறகு மருத்துவமனையின் பெயருக்கு முன்னால் அவர்கள் குடும்பப் பெயரும் சேர்ந்தது. பணக்கார நகரத்திலேயே பத்திரப் பணம் கட்டில் வரை போய்ச் சேரவில்லை என்பதைச் செவிலியர் அம்மாவின் பூட்டிய வார்டுடன் சேர்த்துப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே பலர் இருக்கிறோம். பத்திரம் வெளிவந்து, வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கச் சட்டம் இடம் தந்தால் நான் வாங்குவேன்.

பதில்: முப்பத்தொரு ஆண்டு செவிலியர்

வார்டு சபையில் வைப்பதென்றால் காகிதம் தமிழிலும் இருக்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது, படிக்கத் தெரியாத மொழியில் இருந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்த எத்தனையோ பாட்டிமார்களை நினைத்துச் சொல்கிறேன். பத்து ஆண்டுக் கடனுக்கான ஒப்புதலும் அப்படி வாங்கப்படக் கூடாது.

கேள்வி கேட்டவர்: கிழக்கு வார்டு உறுப்பினர்

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. இந்த நான்கு நாட்களில் நான் செய்து முடித்ததை எழுதிவிடுகிறேன்.

நகராட்சிப் பொறியாளரைச் சந்தித்து எஸ்டிமேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். டயாலிசிஸ் பிரிவுக்கு ஆர்.ஓ. நிலையம் எழுதப்பட்டிருக்கிறது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து என்ற வரி இல்லை. வளாகத்தில் உள்ள ஒரு போர்வெல் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காது என்று காவலாளி சொன்னார். மழைநீர்த் தொட்டியும், குழாய் இணைப்பின் அளவைக் கூட்டுவதும் சேர்த்துப் புதிய எஸ்டிமேட் தருவதாகப் பொறியாளர் ஒப்புக்கொண்டார். தொகை 20 கோடியைத் தாண்டும்; தாண்டட்டும், இப்போதே தெரிவது நல்லது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் ஓ.பி. பதிவேட்டில் ஒரு வாரத்தை மட்டும் எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேரில் ஆறு பேர் நகராட்சிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். முழு மாதத்தையும் எண்ணித் தரும்படி கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்குடன் பக்கத்து மூன்று பஞ்சாயத்துத் தலைவர்களையும் பார்க்கப் போகிறேன். ஒருவர் ஏற்கெனவே தொலைபேசியில், பங்கு தர மனம் இருக்கிறது, ஆனால் நிர்வாகக் குழுவில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கையாகவே எனக்குப் பட்டது.

தீர்மானத்தை எதிர்க்கப் போவதில்லை. ஆனால் அதில் திருத்தங்கள் கொடுக்க எழுதி வைத்திருக்கிறேன். பணியிட ஆணை கையில் கிடைத்த பிறகே பத்திரம் வெளியிடுவது. நோயாளியிடம் வாங்கும் எந்தக் கட்டணத்தையும், காப்பீட்டுத் தொகையையும் பிணையில் சேர்க்காமல் இருப்பது. பத்து ஆண்டுக்கான வரவு செலவுப் பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு எல்லா வார்டு சபைகளிலும் வாசித்த பிறகே இறுதி வாக்கெடுப்புக்கு எடுப்பது. இரவில் எக்ஸ்ரே எடுக்க ஒருவரை நகராட்சியின் சொந்த நிதியில் உடனே நியமிக்க வேண்டும் என்பதைத் தனித் தீர்மானமாகக் கொடுக்கிறேன், அதற்குப் பத்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தணிக்கையாளர் ஐயா, கடந்த மூன்று ஆண்டு வரி வசூல் விவரம் செவ்வாய்க்கிழமை கிடைக்கும் என்று வருவாய்ப் பிரிவில் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தவுடன் இங்கே பதிவிடுகிறேன். அந்த 2 கோடியே 98 லட்சத்தை எங்கள் ஊர் தாங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.